மரண அறிவித்தலுக்கு ஒரு திருத்தம்

இக்குறிப்பில் வரும் பெண்மணியைப் பற்றி எங்கள் தமிழ்க் கத்தோலிக்கப் பங்கில் உலவிய கதைகள் பல. அவருடைய கணவர் அனுராதபுரத்தில் வேறொரு குடும்பத்தோடு வாழ்ந்தார் என்பது ஒன்று. அப்படியொரு மனிதர் இருந்ததே இல்லை என்பது மற்றொன்று. இவற்றுள் சில பொய் என்பதை நான் அறிவேன். ஏனையவை மெய்யா பொய்யா என்பதை அறியேன். ஆகவே நான் நேரிற் கண்டவற்றையும் காதாற் கேட்டவற்றையுமே எழுதுகிறேன். எனக்கு அவரோடு பழக்கம் ஏற்படுவதற்கு முற்பட்ட செய்திகளை, எழுதியபின் அவருக்கே வாசித்துக் காட்டி, “ஓம், உது சரி” என்று அவர் ஒப்பியவற்றை மட்டும் சேர்த்திருக்கிறேன். அவர் ஒப்பாத வரிகளை நீக்கிவிட்டேன். ஒரு மனிதரைப் பற்றிச் சரிபார்க்காமல் வெளியிட்ட சில வரிகள் எவ்வளவு தீங்கு செய்ய வல்லன என்பதை அவர் வீட்டுச் சமையலறையிலேயே நான் கண்டேன். பெயர்களை அவருடைய மகனின் விருப்பப்படி விலக்கியுள்ளேன்.

இரண்டாயிரமாம் ஆண்டு கழிந்த சில ஆண்டுகளில் ஊரில் போர்நிறுத்தம் நடைமுறையில் இருந்தது. கெபெக் மாநிலத்து லாசாலில் எங்கள் அடுக்குமாடிக் கட்டடத்துத் தமிழர்களுள் வசதியுள்ளோர் கோடை விடுமுறைக்கு ஊர் போய்வந்தனர். போக இயலாதோர், பல்லாண்டுகளாகக் கைவிட்டிருந்த காணி உறுதி, பிறப்புச் சான்று, ஓய்வூதியம் முதலியவற்றைத் தேடிக் கொழும்புக்குக் கடிதம் எழுதத் தொடங்கினர். பதில்கள் பெரும்பாலும் சிங்களத்தில் வந்தன. நான் இளமையில் தென்னிலங்கைப் பாடசாலையொன்றில் கற்பித்தவன். அம்மொழியை வாசிக்க வல்லவன். அதனால் கடித உறையோடு என் கதவைத் தட்டுவோர் இருந்தனர்.

அப்பெண்மணி எங்களுக்கு மேல்மாடியில் வசித்தார். மன்னாரைச் சேர்ந்த கத்தோலிக்கர். நகரத்து விடுதியொன்றின் சலவைப் பகுதியில் வேலை. கல்லூரியில் படிக்கும் ஒரே மகனோடு இருந்தார். செப்டெம்பர் மாதத்து மாலையொன்றில், வேலை உடையோடே வந்து கதவருகில் நின்றார்.

“மாஸ்டர், இதை வாசிச்சுச் சொல்லுங்கோ. நல்லதோ கெட்டதோ, சுத்தி வளைக்கத் தேவையில்லை. இருக்கிறதை அப்பிடியே சொல்லுங்கோ.”

முதல் வரியில் ஒரு படையெண் இருந்தது. அவருடைய கணவர் இலங்கை இராணுவத்தினர் என்பதை நான் அப்போதுதான் அறிந்தேன். நான் நிமிர்ந்து பார்த்தேன். அவர் என் பார்வையைத் தவிர்க்கவில்லை.

“ஓம் மாஸ்டர். ஆமியிலைதான் இருந்தவர். சண்டை துவங்க முந்திச் சேர்ந்தவர். கரண்ட் வேலை. துவக்கெடுத்துச் சண்டைக்குப் போனவரில்லை. அதை இஞ்சை ஆரும் கேட்கப்போறேல்லை எண்டும் எனக்குத் தெரியும்.”

அவர் சொல்லியதும் கடிதம் சொல்லியதும் ஒத்திருந்தன. போர் மூண்டு சில ஆண்டுகளின் பின், மகனின் ஞானஸ்நானத்துக்காக விடுப்புப் பெற்று, தெற்கிலுள்ள முகாமிலிருந்து கணவர் புறப்பட்டிருக்கிறார். வீடு வந்து சேரவில்லை. முகாமுக்கும் திரும்பவில்லை. விடுப்பிற் சென்று மீளாதவர் என்று கோப்பில் பதிந்திருக்கிறார்கள். அத்தகையவரின் மனைவிக்கு ஓய்வூதியம் இல்லை. எனினும், அவர் அக்காலத்திலேயே இறந்துவிட்டார் என்று கருதுதற்கு ஆதாரம் தந்தால் மீளாய்வு செய்யலாம் என்று கடிதம் கூறிற்று. வேண்டிய ஆதாரங்களாவன: மனைவியின் சத்தியக்கடதாசி; அவரை அறிந்த ஒரு சாட்சியின் கையொப்பம்; குடும்பமும் சபையும் அவரை இறந்தவராகக் கொண்டுள்ளமைக்கு மதகுருவின் கடிதம்; மரண அறிவித்தல் எதுவும் வெளியாகியிருப்பின் அதன் பிரதி, வெளியாகவில்லையெனின் அதையும் சத்தியம் செய்து கூறல்.

“அப்ப ஓடிப்போனவர் எண்டோ எழுதி வைச்சிருக்கிறாங்கள்?”

“திரும்பி வராதவர் எண்டு எழுதியிருக்கு, தங்கச்சி.”

“ரெண்டுக்கும் என்ன வித்தியாசம்?”

“சட்டத்திலை பெரிசா இல்லை.”

அவர் கடிதத்தை வாங்கி மடித்தார். “காசு வந்தா வேண்டாமெண்டு சொல்லமாட்டன், மாஸ்டர். கை ரெண்டும் விறைக்குது. எவ்வளவு காலத்துக்கு ஆக்களின்ரை படுக்கை விரிப்பை உதறுறது. ஆனா காசு வராட்டிலும் பரவாயில்லை, உந்த எழுத்தை மாத்தவேணும். பிள்ளையின்ரை ஞானஸ்நானத்துக்கு வெளிக்கிட்ட மனிசன் அவர். ஓடினவர் எண்டு கிடக்கக்கூடாது.”

கணவரை அறியாத நான் அவரைப் பற்றிச் சாட்சி சொல்ல இயலாது என்றேன். மனைவியை நான் அறிந்த காலம் தொட்டு அவர் மறுமணம் செய்யவில்லை என்பதற்கும், கணவரிடமிருந்து கடிதமோ அழைப்போ வந்ததை நான் கண்டதில்லை என்பதற்கும் மட்டும் கையொப்பமிடுவேன் என்றேன். “அவ்வளவு காணும்” என்றார்.

எங்கள் தமிழ்த் திருப்பலி, கெபெக் மக்களின் பழைய கற்கோயிலொன்றில், அவர்களுடைய காலைப் பூசை முடிந்த பிறகு பிற்பகலில் நடக்கும். அடுத்த ஞாயிறன்று பூசை முடிந்ததும் நாங்கள் இருவரும் பங்குக் குருவைக் காணச் சென்றோம். யாழ்ப்பாணத்தவர், பேச்சில் நிதானம் உள்ளவர். கடிதத்தின் பொருளை நான் விளக்கியதும் அவர் பூசை உடையைக் கழற்றி மடித்து இழுப்பறையில் வைத்தார்.

“அம்மா, நான் ஒண்டு கேட்பன், குறை நினைக்காதேங்கோ. ஒவ்வொரு வருசமும் அவரின்ரை பிறந்தநாளுக்கு நீங்கள் பூசை ஒப்புக்குடுக்கிறனீங்கள். ஆருக்காகப் பூசை எண்ட கருத்தை நான்தானே வாசிக்கிறன். உடல்நலத்துக்கும் பாதுகாப்புக்கும் எண்டு. இந்த வருசமும் வாசிச்சனான். சபை முழுக்க அதுக்கு ஆமென் சொன்னது. இப்ப அதே சபை அவரைச் செத்தவராக் கொண்டிருக்கெண்டு நான் என்னெண்டு எழுதுறது?”

“செத்தவர் எண்டு எனக்கு ஆர் வந்து சொன்னது, சுவாமி? செத்தவருக்கெண்டு பூசை குடுக்க?”

“இப்ப ஆர் வந்து சொன்னது?”

கேட்டுவிட்டுக் குரு வெற்றிபெற்ற முகத்தோடு நிற்கவில்லை.

“நான் மாட்டனெண்டு சொல்லேல்லை” என்றார் குரு, முன்னிலும் தாழ்ந்த குரலில். “நவம்பர், ஆத்துமாக்கள் மாதம் வருகுது. இறந்தவையின்ரை பேரோடை அவரின்ரை பேரையும் தாங்கோ. சபைக்கு முன்னாலை வாசிப்பன். பேந்து கடிதம் தருவன். வாசிச்சதை வாசிச்சனெண்டு எழுத எனக்குப் பயமில்லை. ஆனா முந்தி உயிரோடை இருக்கிறவர் எண்டு வாசிச்சதையும் எழுதுவன். மறைக்கேலாது.”

படியிறங்கும்போது அவர் சொன்னார்: “சுவாமி கேட்டதிலை பிழையில்லை, மாஸ்டர். நான்தான் ரெண்டு பக்கமும் நிண்டுட்டன்.”

மகனிடம் அதைச் சொல்லும் நாளில் என்னையும் அழைத்தார். அவர் துணிகளைத் தேய்த்துக்கொண்டே பேசினார். மகன் கதவு நிலையிற் சாய்ந்து நின்று கேட்டான். தகப்பனின் முகத்தைக் கண்ட நினைவு அவனுக்கு இல்லை. இங்கே வளர்ந்த பிள்ளை. சினம் வந்தாற் பிரெஞ்சுக்குத் தாவுவான்.

“அப்ப, காசுக்காக அப்பாவைச் சாக்காட்டப் போறியள்.”

“வாயை அளந்து கதை.”

“வேறை என்ன? போன மாசம் வரைக்கும் இருந்தவர். நவம்பரிலை செத்துப்போறார். பேப்பருக்காக.”

“உன்ரை அப்பாவை ஓடினவர் எண்டு எழுதி வைச்சிருக்கிறாங்கள். அதை மாத்தத்தான்.”

“ஓடியிருந்தா என்ன அம்மா? ஓடியிருந்தா உயிரோடையாவது இருப்பார்.”

“ஓடியிருந்தா எங்களிட்டையெல்லோ ஓடி வந்திருப்பார்.”

அவன் தாயை விட்டு என் பக்கம் திரும்பிப் பிரெஞ்சில் பேசினான். தாய்க்கு அம்மொழியில் கடைப்பேச்சுக்கு மேல் தெரியாது. ஆண்டுக்கு ஒருமுறை அந்தப் பூசையில் மட்டுமே தனக்கு ஒரு தகப்பன் இருக்கிறார், அதையும் எடுத்துவிட வேண்டாம் என்று அவன் சொன்னான். “என்ன சொல்லுறான்?” என்று அவர் என்னைக் கேட்டார். அவன் கண்களால் என்னைத் தடுத்தான். நான் அவன் சொல்லியதைச் சொல்லுக்குச் சொல் தமிழாக்கினேன். அவர் மேலும் ஒரு சட்டையைத் தேய்த்து முடித்தார். பிறகு மின்விசையை அணைத்துவிட்டு அறைக்குள் சென்றார். பெயரைக் கொடுப்பதா இல்லையா என்று அன்று அவர் சொல்லவில்லை. பின்வந்த கிழமைகளில் மகன் தாயோடு உணவருந்துவதை விட்டான் என்று அறிந்தேன்.

நவம்பரில் எங்கள் பங்கில் ஒரு வழக்கம் உண்டு. இறந்தோர் பெயர்களைக் குரு ஒவ்வொன்றாக வாசிப்பார். பெயர் கேட்டதும் அக்குடும்பத்தில் ஒருவர் எழுந்து, மெழுகுதிரி ஒன்றைக் கொளுத்திப் பீடத்தின் முன்பு வைப்பார். பெயர் கொடுக்கப்பட்டதா என்பதை நான் அறியாமலே அன்று கோயிலில் இருந்தேன். வாசிப்பு நீண்டது. திடீரென அப்பெயர் வந்தது. முன்வரிசைகளிற் சில தலைகள் திரும்பின. அவர் எழுந்து நடந்தார். திரி உடனே பற்றவில்லை. குரு அடுத்த பெயரை வாசிக்காமல் காத்திருந்தார். மகன் வரவில்லை.

அதன்பின் நிகழ்ந்ததை நானோ குருவோ முன்னுணர்ந்திருக்க வேண்டும் என்று சொல்லலாம், இருவரும் உணரவில்லை. சபையார் அந்த ஆண்டிலேயே கணவருடைய உடல்நலத்துக்காக மன்றாடியவர்கள். இப்போது இறந்தோர் பெயர்களிடையே அவருடைய பெயரைக் கேட்டார்கள். இடையில் அவர் ஊரில் காலமானார் என்றே எல்லோரும் கொண்டனர். அதைவிட இயல்பான முடிவு வேறு இல்லை. கோயிலின் கீழ்மண்டபத்தில் தேநீருக்குக் கூடியபோது பெண்கள் மனைவியைச் சூழ்ந்து கைகளைப் பற்றி அழுதனர்.

“எப்ப பிள்ளை செய்தி வந்தது?”

“என்ன வருத்தமாம்? ஆசுப்பத்திரியிலையோ?”

“செத்தவீட்டுக்குக்கூடப் போகேலாமல் போச்சே உனக்கு.”

அவர் வாய் திறக்கவில்லை. துயரத்தில் பேச்சு வராது என்பது எல்லோரும் அறிந்ததே. ஆதலால் அவருடைய மௌனம் அவர்களுடைய எண்ணத்தை உறுதிப்படுத்திற்று. நான் அருகிற் சென்று விளக்க முயன்றிருப்பேன். ஆனால் விளக்கத்தின் முதற் சொல்லே ‘இராணுவம்’ என்று அமையும். அதைச் சொல்லும் உரிமை எனக்கு இருக்கவில்லை.

மறுநாள் தொடங்கி அவர் வீட்டுக்கு உணவு வந்தது. இழவு வீட்டில் அடுப்பு மூட்டலாகாது என்பது எங்கள் வழக்கம். அயலவர் முறைவைத்துச் சமைத்து வருவர். இடியப்பமும் சொதியும், கத்தரிக்காய்க் குழம்பும், பாண் துண்டுகளும் மேசையை நிறைத்தன. அவர் மறுக்கவில்லை. மறுத்தாற் காரணம் சொல்ல வேண்டும்.

மூன்றாம் நாள் உணவு கொண்டுவந்த பெண், இணையத்திலிருந்து அச்செடுத்த தாளொன்றை அன்போடு நீட்டினார். “வடிவாப் போட்டிருக்கினம், அக்கா. றேடியோவிலையும் வாசிச்சவை.” அவர் அதை வாசித்துவிட்டு மகனை அனுப்பி என்னை அழைத்தார். நான் போனபோது தாள் மேசையில், பாத்திரங்களுக்கிடையே கிடந்தது. ‘மன்னாரைப் பிறப்பிடமாகவும் வதிவிடமாகவும் கொண்ட’ என்று தொடங்கி, பெயரைக் கூறி, ‘அண்மையில் காலமானார்’ என்று முடிந்தது. மனைவியின் பெயரும் மகனின் பெயரும் முறைப்படி தொடர்ந்தன. பங்கிலுள்ள சங்கத்துப் பெரியவர் ஒருவர் இத்தகைய அறிவித்தல்களைக் கொடுப்பதைத் தம் தொண்டாக மேற்கொண்டிருந்தார். எவர் இறந்தாலும் குடும்பத்தாருக்குச் சிரமம் தராமல் வழமையான வாசகத்திற் பெயர்களை இட்டு, வானொலிக்கும் இணையத்துக்கும் தாமே அனுப்பிவிடுவார். அவ்வாறே இதையும் அனுப்பியிருந்தார்.

நான் தாளைப் பலமுறை வாசித்தேன். அதில் தீய எண்ணம் துளியும் இல்லை. ஆனால் அந்த வாசகம் என்ன சொல்லிற்று என்றால், கோப்பில் மீளாதவர் எனப் பதியப்பட்ட படைவீரர் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் மன்னாரிலேயே வசித்து, இப்போது இயற்கையாக இறந்திருக்கிறார் என்று. கொழும்பு அலுவலகம் கேட்டிருந்த மரண அறிவித்தற் பிரதி இதுவே. இதை இணைத்தால், அவர் ஓடியவர் என்பதை மனைவியே மெய்ப்பித்ததாகும். அறிவித்தல் எதுவும் வெளியாகவில்லை என்று சத்தியம் செய்தாற் பொய்ச்சத்தியமாகும். சத்தியக்கடதாசி முடிப்பதற்கு, சத்தியங்களைப் பதிவுசெய்யும் ஆணையாளரிடம் நாள் குறித்திருந்தோம். அது அடுத்த கிழமை.

நான் அங்கிருந்தே சங்கத்துப் பெரியவரை அழைத்தேன்.

“அண்ணை, அந்த அறிவித்தலிலை ஒரு பிழை இருக்கு.”

“எழுத்துப் பிழையோ, மாஸ்டர்? நான் ரெண்டு தரம் பார்த்தனான்.”

“எழுத்திலை இல்லை. அவர் இப்ப சாகேல்லை.”

“அப்ப உயிரோடை இருக்கிறாரோ?”

“அதுவும் தெரியாது.”

“மாஸ்டர், நீங்கள் படிச்ச மனிசன். செத்தாரோ இல்லையோ எண்டு தெரியாத ஆளுக்கு நான் என்னெண்டு அறிவித்தல் குடுக்கிறது?”

“குடுத்திட்டியள், அண்ணை.”

அவர் இணையத்திலிருந்து நீக்கலாம் என்றார். வானொலியில் வாசித்ததை மீளப் பெற முடியாது என்றார். வேண்டுமானால் திருத்தம் ஒன்றை ஞாயிறு நிகழ்ச்சியில் வாசிக்கச் செய்யலாம். “ஆனா திருத்தமெண்டா சரியானதைச் சொல்லவேணுமெல்லோ. ஆள் என்ன வேலை, எங்கை, எப்ப, என்ன நடந்தது. அதைச் சொல்லுங்கோ, நான் போடுறன்.” அவர் கேட்டதிலும் பிழையில்லை.

நான் தொலைபேசியை வைத்தேன். சமையலறையில் நாங்கள் மூவரும் இருந்தோம். அந்த ஆண்டுகளில் ‘ஆமி’ என்ற சொல் எங்கள் வீடுகளில் என்ன பொருள்பட்டது என்பதை இங்கு விரிக்க வேண்டியதில்லை. அவர் கையைப் பற்றி அழுத பெண்களுள் போரிற் பிள்ளைகளைப் பறிகொடுத்தவர்கள் இருந்தனர்; அப்பிள்ளைகளின் படங்கள் அவர்கள் வீட்டுக் கூடங்களில் தொங்கின. அவருக்கும் அது தெரியும்.

“எடுக்கச் சொல்லுங்கோ அங்கிள். திருத்தம் ஒண்டும் வேண்டாம்” என்றான் மகன். “எடுத்தாக் காணும். ஒரு மாசத்திலை மறந்திடுவினம்.”

“மறக்கட்டும். நான் என்னெண்டு சத்தியம் பண்ணுறது?” என்றார் தாய்.

“பண்ணவேண்டாம். விடுங்கோ.”

அவர் என்னைப் பார்த்தார். அரச பணியாளர் என்று எழுதலாம், அது பொய்யன்று என்றேன் நான். மொழியளவில் அது சரியே.

“தபால்காரனும் அரச பணியாளர்தான், மாஸ்டர். ஓடினவர் எண்டு எழுதினது ஆமி. ஓடேல்லை எண்டு நான் சொல்லுறதெண்டா ஆமி எண்டுதானே சொல்லவேணும்.”

“அம்மா, கடைக்குப் போகேலாது பேந்து. கோயிலுக்குப் போகேலாது.”

“போவன். இருக்கிற இடத்திலை இருப்பன்.”

அவர் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். இலங்கை இராணுவத்தில் மின்பணியாளராகக் கடமையாற்றியவர் என்றும், மகனின் ஞானஸ்நானத்துக்காக விடுப்பிற் புறப்பட்டு வீடு வந்து சேராதவர் என்றும், அக்காலத்திலேயே அவர் இறந்துவிட்டதாக மனைவி கருதுகிறார் என்றும், அண்மையிற் காலமானார் எனக் குடும்பத்தாரைக் கேளாது வெளிவந்த அறிவித்தல் தவறு என்றும் அது அமைந்தது. ‘கருதுகிறார்’ என்று போடவா, ‘நம்புகிறார்’ என்று போடவா என்று கேட்டேன்.

“கருதுகிறார் எண்டு போடுங்கோ. நம்புறது வேறை.”

மகன் தாளை எடுத்து வாசித்தான். “என்ரை பேரை எடுங்கோ” என்றான். அவனைப் பாராமலே தாய் சொன்னார்: “எடுங்கோ, மாஸ்டர்.” நான் மகனின் பெயரை நீக்கி, ‘மகன்’ என்ற சொல்லை மட்டும் விட்டேன். அவன் அதற்குத் தடை சொல்லவில்லை.

திருத்தம் ஞாயிறன்று காலை வானொலியில் வாசிக்கப்பட்டது. அறிவிப்பாளர் ‘இராணுவத்தில்’ என்ற சொல்லுக்கு முன்பு ஒருகணம் தயங்கினார். ஒருவேளை தாளைச் சரிசெய்திருக்கலாம். மேல்மாடியில் அப்பெண்மணியின் தொலைபேசி அன்று ஒலிக்கவில்லை. அதற்குப் பிறகு எவரும் உணவு கொண்டுவரவில்லை. மேசையில் மீந்திருந்த பாத்திரங்களைக் கழுவித் துடைத்து, உரியவர் வீட்டுக் கதவுகளருகில் வைத்துவிட்டு வந்தார்.

அன்று பிற்பகல் பூசைக்கும் போனார். அவர் வழக்கமாக இருக்கும் வாங்கில் இருபுறமும் இடம் வெறுமையாக இருந்தது. கீழ்மண்டபத்தில் தேநீர்க் கோப்பையோடு நின்றபோது, முந்திய கிழமை அவரைத் தோளோடு அணைத்து அழுத மூத்த பெண்மணி எதிரே வந்தார். போரில் மகனை இழந்தவர். அருகில் நின்ற எனக்குக் கேட்கும் அளவிலேயே பேசினார்.

“எங்கட கண்ணீரை ஆமிக்காரனுக்கோ வாங்கினனீ?”

“நீங்கள் அழுதது எனக்கெண்டுதான் நினைச்சன், அக்கா.”

அப்பெண்மணி விலகிப் போகவில்லை. பிறகு யாரோ அழைக்க அவர் சென்றார். அவர்கள் பிற்காலத்தில் மீண்டும் பேசிக்கொண்டார்களா என்பதை நான் பார்க்கவில்லை.

குரு கடிதம் தந்தார். சொன்னபடியே இரண்டையும் எழுதியிருந்தார்: நவம்பரில் இறந்தோர் பெயர்களோடு அவர் பெயரை வாசித்ததையும், அதற்கு முன் ஆண்டுதோறும் உயிரோடிருப்பவராகக் கருதி அவருக்காகப் பூசை ஒப்புக்கொடுத்ததையும். இரண்டாவது வரி தீங்கு செய்யக்கூடும் என்று நான் எச்சரித்தேன். “இருக்கட்டும்” என்றார் அவர். “அதையும் நான்தானே செய்தனான்.”

சத்தியக்கடதாசி முடித்த நாளில் நகரில் முதற் பனி விழுந்து நசநசவென்று கிடந்தது. மகன் எங்களைத் தன் நண்பனின் காரில் கொண்டுபோனான். வரமாட்டேன் என்று முதல்நாள் வரை சொன்னவன் அன்று காலையில் கார்த் திறப்போடு வந்து நின்றான். ஆனால் உள்ளே வராமல் நடைகூடத்தில் நின்றான். ஆணையாளர் பிரெஞ்சில் மட்டும் பேசும் முதியவர். நான் மொழிபெயர்க்கத் தொடங்கியதும் கையை உயர்த்தி நிறுத்தினார். அதே ஆவணத்திற் சாட்சியாக ஒப்பமிடுபவர் மொழிபெயர்ப்பாளராக இருக்க அவர் ஒப்பவில்லை. வேறு எவரேனும் உளரா என்று கேட்டார். இல்லையெனில் இன்னொரு நாள் வரவேண்டும்.

நான் கதவைத் திறந்து மகனை அழைத்தேன். அவன் ஈரச் சப்பாத்தோடு உள்ளே வந்து, எதற்கென்று கேட்டறிந்து, தாயை ஒருமுறை பார்த்தான். திரும்பிப் போய்விடுவான் என்றே நான் எண்ணினேன். அவன் நாற்காலியின் ஓரத்தில் அமர்ந்தான்.

ஆணையாளர் ஒவ்வொரு கூற்றாக வாசித்தார்; மகன் தமிழிற் சொன்னான்; தாய் “ஓம்” என்றார். முன்னர் வெளிவந்த அறிவித்தலும் அதன் திருத்தமும் இணைக்கப்பட்டுள்ளன என்ற கூற்றும் கடந்தது. அதற்கடுத்ததை ஆணையாளர் வாசித்ததும் மகன் நிறுத்திவிட்டான். முதியவர் கண்ணாடிக்கு மேலாக அவனைப் பார்த்தார், மறுபடியும் வாசித்தார்.

“அம்மா.”

“சொல்லு.”

“அப்பா வெளிக்கிட்ட அந்த நாளையிலையே, இல்லாட்டி அதுக்குக் கிட்டடியிலை, செத்துப்போனார் எண்டு நீங்கள் நினைக்கிறியளோ எண்டு கேட்கினம்.”

அவர் ஆணையாளரையோ என்னையோ பார்க்கவில்லை. மகனின் முகத்தையே பார்த்தார்.

“நீ கேக்கிறியோ, அவர் கேக்கிறாரோ?”

“அவர்தான்.” பிறகு மகன் குரலைத் தாழ்த்தினான். “நானும்தான்.”

“ஓம்” என்றார் அவர்.

அவன் அதைப் பிரெஞ்சில் ஒரு சொல்லாற் கூறினான். ஆணையாளர் எழுதிக்கொண்டார். கையொப்பங்கள் இடப்பட்டன, முத்திரை குத்தப்பட்டது. லாசால் வந்ததும் மகன் காரை நிறுத்தி, இறங்கிப்போய்த் தாயின் பக்கத்துக் கதவைத் திறந்துவிட்டான். ஆவணங்களை மறுநாள் பதிவுத் தபாலில் நானே அனுப்பினேன்.

அடுத்த கோடையிற் பதில் வந்தது. ஆவணங்கள் கிடைத்தன என்றும், உரிய படைப்பிரிவின் பதிவுகளோடு ஒப்புநோக்க அனுப்பப்பட்டுள்ளன என்றும், முடிவு பின்னர் அறிவிக்கப்படும் என்றும் அது கூறிற்று. நான் இரண்டு நினைவூட்டல்கள் எழுதினேன். பதில் வரவில்லை. பிறகு ஊரில் போர்நிறுத்தம் குலைந்தது; கொழும்புக்குக் கடிதம் எழுதுவோர் குறைந்தனர். அவர் கைகளின் நோவு மிக, சலவை வேலையை விட்டுப் அதே நகரின் பியர்பொன்ட்ஸ் பகுதியில் உள்ள தங்கை வீட்டுக்குக் குடிபெயர்ந்தார். இக்குறிப்பை வாசித்துக் காட்டச் சென்றபோது கேட்டேன். முடிவு இன்னும் வரவில்லை என்றார்.

அவர் கணவர் விடுப்புச் சீட்டோடு முகாமிலிருந்து புறப்பட்டார் என்பது தெரியும். எவ்வூர் வரை வந்தார் என்பது தெரியாது. இறந்தாரா, இறந்திருப்பின் எந்நாளில், எவர் கையால் என்பதும் தெரியாது. கொழும்புக் கோப்பில் அவர் பெயருக்கு எதிரே இன்று என்ன எழுதப்பட்டிருக்கிறது என்பது அவருடைய மனைவிக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.